பிரோசாபாத் ஊதுகண்ணாடி: முதல்முறை வாங்கி விற்கப் போகிறவர்களுக்கு

மதுரையில் சின்னதாக ஒரு வீட்டுப்பொருள் கடை வைத்திருக்கிறேன். மண்சட்டி, கல்சட்டி, பனையோலைப் பெட்டி, இந்த மாதிரி. மூன்று வருடத்துக்கு முன் உத்தரப் பிரதேசத்தில் இருக்கும் பிரோசாபாத்திலிருந்து, உடைசல் கண்ணாடியை உருக்கி வாயால் ஊதிச் செய்த தம்ளர் 240 வரவழைத்தேன். 41 தம்ளர் வழியிலேயே உடைந்துபோனது. அதையாவது தாங்கிக்கொண்டேன். மிச்சத்தை அலமாரியில் அடுக்கிய நான்காம் நாள் ராத்திரி, கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது "டிங்" என்று ஒரு சத்தம். யாரும் தொடவில்லை. ஒரு தம்ளர் அடியிலிருந்து வாய்வரை சுற்றிக்கொண்டு கீறல் விட்டிருந்தது. அந்த மாதத்துக்குள் இன்னும் ஒன்பது அப்படியே போயின. வாங்கிப்போன ஒரு அம்மா, காபி ஊற்றியதும் அடி தனியாகக் கழன்றுவிட்டது என்று இரண்டு துண்டையும் தாளில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார். நல்லவேளை, அவர் கையில் சூடு படவில்லை.

அதற்குப் பிறகு நானே நேரில் போனேன், கேட்டேன், கற்றுக்கொண்டேன். இப்போது என் கடையில் நன்றாக விற்கும் பொருள் இது. எனக்கு யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் இரண்டு சுற்று நஷ்டம் தப்பியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். நூறு முதல் ஆயிரம் உருப்படி வரை வாங்கி இங்கே விற்க நினைக்கும் சின்னக் கடைக்காரர்களுக்கானது இது.

1. எந்தக் கண்ணாடி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

உடைந்த பாட்டில், ஜன்னல் கண்ணாடி, ஆலையிலேயே விழும் கழிவு, எல்லாம் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி வகை. அதை உருக்கி ஊதிய தம்ளரும் அதே வகைதான். ஆய்வகத்தில் அடுப்பின்மேல் வைக்கும் போரோசிலிக்கேட் கண்ணாடி வேறு. சூட்டில் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி அதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் விரிகிறது. கையால் ஊதியதில் அடி தடிமனாகவும் பக்கம் மெல்லியதாகவும் இருக்கும். கொதிக்கிற காபியை ஊற்றினால் உள்பக்கம் விரியும், வெளிப்பக்கம் விரியாது, விரிசல் விட்டுப்போகும். எவ்வளவு நல்ல கைவேலையாக இருந்தாலும் இது மாறாது. மோர், தண்ணீர், ஜூஸ், சர்பத், பூச்சாடி, விளக்குக் கூண்டு, ஊறுகாய் ஜாடி, இதற்கெல்லாம் தாராளமாக வாங்கலாம். காபி தம்ளராக விற்காதீர்கள்.

இன்னொரு விஷயம். உள்ளே சின்னச் சின்னக் குமிழியும் லேசான பச்சையும் இருந்தால் மறுசுழற்சிக் கண்ணாடி என்று பலர் நம்புகிறார்கள். பச்சை வருவது இரும்புச் சத்தால்; உடைசலில் அது அதிகம் இருக்கும், உண்மைதான். ஆனால் புதுக் கலவையிலும் நிறம் போட்டுப் பச்சை கொண்டுவரலாம், மருந்து போட்டுக் குமிழி வரவைக்கலாம். கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. உடைசல் எத்தனை சதவீதம் சேர்க்கிறீர்கள் என்று கேளுங்கள். பதிலை ஆலையின் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். "100 சதவீதம் மறுசுழற்சி" என்று நீங்கள் விளம்பரம் செய்தால் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்றே வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது.

ஊதியதா, இயந்திரத்தில் அழுத்தியதா என்று பார்க்கத் தம்ளரைக் கவிழ்த்து அடியைத் தடவுங்கள். இரும்புக் கம்பியில் பிடித்து வேலை செய்திருந்தால் நடுவில் ஒரு வடு இருக்கும், அல்லது அதைத் தேய்த்த வட்டம் இருக்கும். பத்துத் தம்ளரைத் தராசில் வையுங்கள். பத்தும் கிராம் மாறாமல் ஒரே எடை என்றால் கைவேலை இல்லை.

2. உங்கள் பக்கக் காகிதங்கள்

பான், நடப்புக் கணக்கு, உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு), ஜிஎஸ்டி. உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. அரசு இணையதளத்தில் ஆதாரும் பானும் இருந்தால் உட்கார்ந்த இடத்தில் முடிந்துவிடும். காசு கேட்கும் தளங்கள் நிறைய இருக்கின்றன, அவற்றில் மாட்டாதீர்கள்.

ஜிஎஸ்டியில்தான் யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை பதிவு கட்டாயமில்லை. வெளிமாநிலத்திலிருந்து வாங்குவதற்கும் தடையில்லை. ஆனால் ஒரே ஒரு பெட்டியை பெங்களூரில் இருக்கிறவருக்கு விற்றாலும் பதிவு கட்டாயம். காம்போசிஷன் என்ற எளிய ஜிஎஸ்டி திட்டத்தில் சேர்ந்தால் வியாபாரிக்கு விற்றுமுதலில் 1 சதவீத வரிதான், கணக்கு வேலையும் குறைவு. ஆனால் வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது, வாங்கும்போது கட்டிய வரியும் திரும்ப வராது. இந்தச் சரக்கில் அந்த வரி சின்னத் தொகை இல்லை. தம்ளர், ஜக், கிண்ணம் எல்லாம் ஜிஎஸ்டி பொருள் வகைப் பட்டியலில் 7013 என்ற எண்ணில் வரும், 18 சதவீதம். அலங்காரக் கண்ணாடிப் பொருள் சிலவற்றுக்குக் கைவினைப் பொருள் என்ற வகையில் வரி குறைவு. கண்ணாடி வளையலுக்கு வரியே இல்லை. பில்லில் எந்த எண் போடப்போகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டு உங்கள் ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள். நான் பதிவில்லாமல் தொடங்கி, இரண்டாம் வருடம் சாதாரணப் பதிவுக்கு மாறினேன். முதலிலேயே மாறியிருக்கலாம்.

3. எப்போது, எப்படிப் போவது

தீபாவளிக்கு விற்க வேண்டுமென்றால் மே மாதம் சாம்பிள், ஜூனில் ஆர்டர், ஆகஸ்ட் கடைசிக்குள் சரக்கு. இந்தக் கணக்கைத் தாண்டினால் அங்கேயும் தீபாவளி நெருக்கடி வந்துவிடும். பெரிய ஆர்டர்காரர்களுக்குப் பின்னால் நீங்கள் நிற்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் அந்தப் பக்கம் பனிமூட்டம் கடுமை. ரயிலும் லாரியும் நாள் கணக்கில் தாமதமாகும். மே, ஜூனில் வெயிலே 45 டிகிரிக்குப் போகும். உலைக்கு முன்னால் நிற்கிறவர்கள் நிலையை நினைத்துப் பாருங்கள். அப்போது வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஊருக்குப் போகிறவர்களும் உண்டு. ஹோலி, ரம்ஜான், பக்ரீத் தேதிகளைக் காலண்டரில் குறித்துக்கொண்டு நாள் பேசுங்கள். கேட்காமல் விட்டு "ஏன் தாமதம்" என்று சண்டை போடுவதில் பயனில்லை.

சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஆக்ரா கண்டோன்மென்ட்டில் நிற்கும். ஏறத்தாழ 30 மணி நேரப் பயணம். அங்கிருந்து பிரோசாபாத் சுமார் 40 கிலோமீட்டர், பஸ் நிறைய உண்டு. இரண்டு வேலை நாள் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று போய் அவசரத்தில் ஆர்டர் கொடுத்ததுதான் என் இரண்டாவது தவறு.

இந்தி முழுதாகத் தெரியாவிட்டாலும் சில சொற்கள் போதும். காஞ்ச் என்றால் கண்ணாடி. பட்டி, உலை. மால், சரக்கு. டூட்-பூட், வழியில் உடைந்ததன் கணக்கு. பக்கா பில் என்பது ஜிஎஸ்டி போட்ட சரியான பில். கச்சா பில் என்பது துண்டுச் சீட்டு. "பில் இல்லாமல் என்றால் விலை குறைத்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வழியில் வண்டியை நிறுத்தினால் அபராதம் உங்கள் தலையில் விழும். உடைந்தால் கேட்கவும் வாய் இருக்காது.

4. யாரிடம் வாங்குகிறீர்கள் என்று பாருங்கள்

கடைத்தெருவில் சாம்பிள் காட்டுகிறவர்களில் பலர் இடைத்தரகர்கள். தரகர் கூடாது என்று சொல்லவில்லை. சின்ன அளவுக்கு அவர்கள்தான் ஒத்துவருவார்கள். ஆனால் எந்த உலையில் ஊதியது என்று சொல்ல முடியாதவரிடம் வாங்காதீர்கள். அடுத்த முறை அதே பொருள் வேண்டுமென்றால் கிடைக்காது.

உலையை நேரில் பாருங்கள். நான் முதன்முதலில் பார்த்தது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. ஒருவர் நீண்ட இரும்புக் குழாயை உலை வாய்க்குள் விட்டுச் சுழற்றி எடுக்கிறார். நுனியில் வெல்லப்பாகு கம்பிப் பதத்தில் தொங்குவதுபோல், பழுத்த பப்பாளி நிறத்தில் ஒரு கட்டி. குழாய் சுற்றுவதை ஒரு நொடி நிறுத்தினாலும் அது ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். அதனால் நடக்கும்போதும் சுழற்றிக்கொண்டே நடக்கிறார். அடுத்தவர் அதை வாங்கி, இரும்புத் தட்டில் உருட்டி, ஒரு சின்ன மூச்சு விடுகிறார். நம் வீட்டு ஊதுகுழலில் அடுப்பு ஊதுவதுபோல் பலமாக இல்லை. குழந்தை கண்ணில் விழுந்த தூசியை ஊதுவோமே, அவ்வளவுதான். கீழே குந்தி உட்கார்ந்திருப்பவர் அச்சைத் திறந்து மூடுகிறார், இவர் உள்ளே இறக்கி ஊதுகிறார். திறந்தால் தம்ளர். எண்ணிப் பார்த்தேன், எடுத்ததிலிருந்து முடிப்பதுவரை ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சாயங்காலம்வரை அப்படியே நடக்கிறது. அதைப் பார்த்த பிறகு ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை. பேரத்தைப் பெட்டி விலையிலும் லாரி வாடகையிலும் பேசுங்கள்.

உலையில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

எரிவாயு இணைப்பு இருக்கிறதா? பிரோசாபாத் தாஜ்மகால் பாதுகாப்பு வளையத்துக்குள் இருக்கிறது. 1996 டிசம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால் அங்கே ஆலைகள் நிலக்கரி எரிக்கக் கூடாது. கள்ளத்தனமாகக் கரியோ விறகோ எரிக்கிற இடத்தில் முன்பணம் கொடுத்தால், அந்த உலை எந்த நாளும் சீல் வைக்கப்படலாம். விலை கேட்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். எரிவாயு விலை ஏறினால் தம்ளர் விலையும் ஏறும். "இந்த விலை எந்தத் தேதிவரை?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஆறவைக்கும் அடுப்பு இருக்கிறதா? ஊதி முடித்த பொருளை 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைத்து, பிறகு மணிக்கணக்கில் மெல்ல மெல்ல ஆற வைக்க வேண்டும். அவசரப்பட்டு ஆறினால் கண்ணாடிக்குள் இறுக்கம் தங்கிவிடும். என் அலமாரியில் ராத்திரி "டிங்" என்று போனது அதனால்தான். எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறது என்று கேளுங்கள். வெளியே வரும் தம்ளர் கையால் தொடும் அளவுக்கு ஆறியிருக்கிறதா என்று பாருங்கள்.

யார் வேலை செய்கிறார்கள்? 14 வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. 18 வயதுவரை ஆபத்தான வேலைக்கு வைக்கக் கூடாது. உலை அப்படிப்பட்ட வேலைதான். சாயம் பூசுவது, விளிம்பு தேய்ப்பது, கட்டுக் கட்டுவது போன்றவை வீடுகளுக்கும் போகும். அதையும் கேளுங்கள். பிள்ளைகள் கைபட்ட சரக்கு எனக்கு வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லி ஆர்டரிலும் எழுதினேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

5. சாம்பிள்: அவசரமே வேண்டாம்

ஒவ்வொரு வகையிலும் ஒன்று வாங்கினால் போதாது. பத்து வாங்குங்கள். காட்சிக்கு வைத்திருக்கும் நல்லதில் எடுக்காதீர்கள். அன்றைக்கு அடுப்பிலிருந்து வந்த வரிசையில் எடுங்கள். அதைத்தான் உங்களுக்கு அனுப்பப்போகிறார்கள்.

இறுக்கச் சோதனை வீட்டிலேயே செய்யலாம். ஒரு மடிக்கணினி, ஒரு போலரைஸ்டு கூலிங் கிளாஸ், இவ்வளவுதான் வேண்டும். திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்துவைத்து, கூலிங் கிளாஸை அதன் முன்னால் மெதுவாகத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் திரை கறுத்துவிடும். அப்படியே பிடித்துக்கொண்டு, திரைக்கும் கூலிங் கிளாஸுக்கும் நடுவில் தம்ளரை வையுங்கள். நன்றாக ஆறிய தம்ளர் கறுப்பாகவே இருக்கும். அடியில் லேசான சாம்பல் தெரிந்தால் பரவாயில்லை. சரியாக ஆறாததில் அடியைச் சுற்றியும் கைப்பிடி ஒட்டிய இடத்திலும் பளிச்சென்று வெள்ளைக் கோடும் வானவில் நிறமும் தெரியும். பத்தில் இரண்டு இப்படித் தெரிந்தாலே நான் அந்த உலைக்கு ஆர்டர் கொடுப்பதில்லை. எல்சிடி திரையாக இருக்க வேண்டும், எல்லாத் திரையிலும் இது வராது. முதல் முறை இதைச் செய்து பார்த்த அன்று, என் கடையில் மிச்சமிருந்த முதல் சுற்றுத் தம்ளர்களையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். வரிசையாக மின்னின. அத்தனையையும் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டேன்.

அடுத்தது சூடு. இரண்டு தம்ளரை 60 டிகிரி வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்து, உடனே குழாய்த் தண்ணீரில் இறக்குங்கள். கண்ணில் கண்ணாடி போட்டுக்கொண்டு, தடித்த துணி சுற்றிய கையால் செய்யுங்கள். தாங்கினால் சாதாரணப் புழக்கத்துக்குச் சரி. காபிக்குச் சரி என்று அர்த்தமில்லை.

விளிம்பை விரலால் தடவாதீர்கள். பழைய நைலான் துணியைச் சுற்றி ஓட்டுங்கள், நூல் சிக்கினால் விளிம்பு சரியில்லை. தேய்த்த விளிம்பைவிட நெருப்பில் காட்டி மழுக்கிய விளிம்பு வாய்க்கு இதம். விலை கொஞ்சம் கூடும், கொடுக்கலாம்.

கலர் கண்ணாடியும் வெளியே சாயம் பூசியதும் குடிக்க வைக்கப்போகிறீர்கள் என்றால் ஆய்வகச் சோதனை அவசியம். ஈயமும் காட்மியமும் கசிகிறதா என்று பார்க்க ஐஎஸ்ஓ 7086 என்ற முறை இருக்கிறது. 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை ஊற்றி 22 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து, அந்தத் திரவத்தைச் சோதிப்பார்கள். என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுங்கள். உடையாத முழுத் தம்ளர்கள் சிலவற்றைக் கேட்பார்கள், அதையும் சாம்பிள் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரோசாபாத்திலேயே மத்திய அரசின் கண்ணாடித் தொழில் மேம்பாட்டு மையம் இருக்கிறது, கண்ணாடி சம்பந்தமான சோதனைகள் அங்கும் செய்கிறார்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களுக்குக் காட்மியம் சேர்ப்பது உண்டு என்பதால் சோதனைத் தாள் கையில் வராமல் அந்த நிறங்களில் தம்ளர் வாங்க மாட்டேன். பூச்சாடி, விளக்கு என்றால் வேறு விஷயம்.

6. ஆர்டரை எழுத்தில் கொடுங்கள்

குறைந்தபட்ச அளவு ஏன் கேட்கிறார்கள் என்பதைப் புரிந்துகொண்டால் பேச்சு எளிது. சின்ன உலைகளில் களிமண் பானைக்குள் கண்ணாடியை உருக்குகிறார்கள். ஒரு பானைக்கு ஒரு நிறம். ராத்திரி முழுக்க உருகியதை மறுநாள் எடுத்துத் தீர்க்க வேண்டும். 50 தம்ளருக்காக ஒரு நிறத்தை உருக்கச் சொன்னால் பானையில் மிச்சம் வீணாகும். ஆகவே நிறத்தைக் குறைத்து வடிவத்தைக் கூட்டுங்கள். நான் இப்போது ஒரே கடல்பச்சையில் தம்ளர், ஜக், கிண்ணம் மூன்றும் கேட்கிறேன். சின்ன ஆர்டரானாலும் எடுத்துக்கொள்கிறார்கள்.

தாளில் இவை இருக்க வேண்டும்: வடிவம், உயரம், வாய் விட்டம், எடை எவ்வளவுவரை கூடலாம் குறையலாம், நிறம், விளிம்பு வகை, பெட்டிக்கு எத்தனை, அனுப்பும் தேதி, உடைசலுக்கு யார் பொறுப்பு. கைவேலையில் எடை பத்து சதவீதம் முன்பின் வரும், ஒத்துக்கொள்ளுங்கள். உயரத்தில் மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் குற்றம் சொல்லாதீர்கள். ஆனால் கீறல், வாயில் சொரசொரப்பு, தரையில் வைத்தால் ஆடும் அடி, பெரிய குமிழி உடைந்து உண்டான குழி, இவை கழிவு என்று எழுதிவிடுங்கள். ஒத்துக்கொண்ட சாம்பிள் இரண்டில் இருவரும் கையெழுத்துப் போட்டு, ஒன்றை அங்கே வைத்துவிட்டு ஒன்றை நீங்கள் கொண்டுவாருங்கள். அப்புறம் "நான் சொன்னது இது இல்லை" என்ற பேச்சே வராது.

முன்பணம் 30 முதல் 50 சதவீதம் கேட்பார்கள். கொடுப்பதற்கு முன் அவர்களின் ஜிஎஸ்டி எண்ணை அரசுத் தளத்தில் போட்டுப் பாருங்கள், இலவசம். உத்தரப் பிரதேச எண் 09 என்று தொடங்கும். பதிவு நடப்பில் இருக்கிறதா, அதில் உள்ள பெயரும் வங்கிக் கணக்குப் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் மச்சான் கணக்குக்கு அனுப்பச் சொன்னதை நம்பி அனுப்பி, இன்றுவரை அலைகிறார். அதேபோல் மீதிப் பணத்தை இழுத்தடிக்காதீர்கள். சிறு உற்பத்தியாளருக்கு, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்று 2006 ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. ஊதுகிறவர்களுக்கு வாரக் கூலி.

7. பெட்டி

ஐந்து அடுக்கு அட்டைப்பெட்டி, ஒவ்வொரு தம்ளருக்கும் தனி அறை, மேலும் கீழும் ஒரு தட்டு அட்டை. வைக்கோல் போட்டுக் கட்டுவது அங்கே பழக்கம். வைக்கோல் தாங்கும், ஆனால் மழைக்காலத்தில் ஈரம் ஏறி நாற்றம் வந்துவிடும். நான் தாளும் அறைகளும் மட்டும் கேட்கிறேன்.

ஆர்டர் போவதற்குமுன் ஒரு பெட்டியைக் கட்டச் சொல்லி, உங்கள் முன்னால் இடுப்பு உயரத்திலிருந்து போடச் சொல்லுங்கள்: ஒரு மூலை, அந்த மூலையில் சேரும் மூன்று ஓரம், பிறகு ஆறு பக்கமும். மொத்தம் பத்து முறை. ஆலைக்காரர் முதலில் தயங்கினார். நான்காவது தடவையிலேயே உள்ளே சத்தம் கேட்டது. திறந்து பார்த்தால் மேல் வரிசையில் மூன்று போயிருந்தது. மேல் தட்டு அட்டை வைக்கவில்லை. வைத்துக் கட்டிய பெட்டி பத்தையும் தாங்கியது. பெட்டிக்கு எட்டு ரூபாய் கூடுதல். இந்தச் செலவில் மிச்சம் பிடிக்கவே பிடிக்காதீர்கள். பெட்டி 15 கிலோவுக்கு மேல் போகவும் கூடாது. கனமான பெட்டியைச் சுமைதூக்குகிறவர் இறக்கி வைக்க முடியாது, போடத்தான் முடியும்.

8. பில், இ-வே பில், லாரி ரசீது, இன்சூரன்ஸ்

பில்லில் ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் வரும் சரக்குக்கான வரி) என்று இருக்க வேண்டும். அவசரத்தில் உள்மாநில விற்பனைபோல் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பிரித்துப் போட்டுவிட்டால் உங்களுக்கு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) வராது. உங்கள் எண் 33 என்று தொடங்கும், அதை ஒருமுறை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்.

வரியையும் சேர்த்து 50,000 ரூபாய்க்கு மேல் போனால் இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய மின்னணு ஜிஎஸ்டி சீட்டு) வேண்டும். ஒவ்வொரு 200 கிலோமீட்டருக்கும் ஒரு நாள் என்ற கணக்கில் அது செல்லுபடியாகும். மதுரை 2,000 கிலோமீட்டருக்கு மேல் என்பதால் 11 நாளாவது கிடைக்கும். போதும்போல் தோன்றும். ஆனால் சின்னச் சரக்கு நேராக வராது. வழியில் ஒரு கிடங்கில் இறக்கி, அடுத்த லாரி நிறையும்வரை காத்திருக்கும். என் இரண்டாவது சரக்கு அப்படி ஒரு கிடங்கில் ஆறு நாள் கிடந்தது. காலாவதி ஆவதற்கு 8 மணி நேரத்துக்கு முன்னாலிருந்து, ஆன பின் 8 மணி நேரம்வரை நீட்டிக்கலாம்; லாரிக் கம்பெனிதான் செய்ய வேண்டும். தேதியைக் குறித்துவைத்து நீங்களே கூப்பிட்டு நினைவுபடுத்துங்கள்.

லாரி ரசீதை அங்கே பில்டி என்பார்கள். அதில் "ஓனர்ஸ் ரிஸ்க்" (சேதம் சரக்குக்காரர் பொறுப்பு) என்று அச்சடித்திருக்கும், பலர் படிப்பதே இல்லை. சரக்கின் மதிப்பை அதில் எழுதச் சொல்லுங்கள். மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால், சேதத்துக்கு லாரிக் கம்பெனியின் பொறுப்பு வாடகையைப்போல் பத்து மடங்கோடு நின்றுவிடும். வழக்குக்குப் போவதென்றால் சரக்கு பதிவான நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும்.

சரக்குப் போக்குவரத்து இன்சூரன்ஸ் தனியாக எடுக்கலாம். கண்ணாடி என்றதும் சாதாரணப் பாலிசியில் உடைசலை விலக்கிவிடுவார்கள். "உடைசல் சேர்த்தி" என்று பாலிசியில் எழுத்தில் இருக்கிறதா, சேதத்தில் முதல் எத்தனை சதவீதம் நம் தலையில் என்பதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

9. சரக்கு இறங்கும் நாள்

பெட்டியைத் திறப்பதற்கு முன்னால், லாரி ரசீதில் கையெழுத்துப் போடுவதற்கும் முன்னால், ஒவ்வொரு பெட்டியையும் காதருகே வைத்து லேசாகச் சாயுங்கள். சில்லுச் சத்தம் வருவதைத் தனியே வையுங்கள். எத்தனை பெட்டி நசுங்கியது, எத்தனை சத்தம் போடுகிறது என்று ரசீதின் இரண்டு பிரதியிலும் எழுதிவிட்டுத்தான் கையெழுத்து. "நல்ல நிலையில் பெற்றேன்" என்ற இடத்தில் சும்மா கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் எதுவும் கேட்பது கஷ்டம். நான் முதல் தடவை அப்படித்தான் போட்டேன். பெட்டி திறப்பதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள், பெட்டி எண் தெரிய வேண்டும்.

10. விலை போடுவது

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். உலை விலை 90 ரூபாய் வீதம் 600 தம்ளர்: 54,000. கட்டுக்கூலி 3,600. சேர்த்து 57,600. அதற்கு 18 சதவீத வரி 10,368. பில் தொகை 67,968. லாரி வாடகை 7,200, இன்சூரன்ஸ் 600, இங்கே இறக்கி ஆட்டோவில் கொண்டுவர 1,200 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 76,968. வழியிலும் கழிவிலுமாக 8 சதவீதம் போனால் கையில் 552. ஒரு தம்ளர் 139 ரூபாய்க்கு மேல் அடங்குகிறது. ஜிஎஸ்டி சாதாரணப் பதிவில் இருந்து, தம்ளருக்கான வரியை வரவு எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ 121 ரூபாய். 90 ரூபாயை மனதில் வைத்து 130 என்று விலை ஒட்டினால் விற்க விற்க நஷ்டம்; பதிவில் இருந்தாலும் அந்த 130-க்குள்ளேயே நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியும் இருக்கிறது. உங்கள் ரயில் செலவும் ஆய்வகக் கட்டணமும் இதில் சேரவில்லை.

ஆறு தம்ளரைச் செட்டாகப் பெட்டியில் போட்டு விற்றால் அது முன்கூட்டியே கட்டிய பொருள். பொருளின் பெயர், எண்ணிக்கை, தயாரித்தவர், கட்டியவர் பெயர், முகவரி, தயாரித்த மாதம், வருடம், எல்லா வரியும் அடங்கிய அதிகபட்ச விலை, புகாருக்குத் தொலைபேசி எண், இவ்வளவும் பெட்டியில் இருக்க வேண்டும். கட்டுகிறவராகப் பதிவும் செய்ய வேண்டும், கட்டணம் 500 ரூபாய். நம் மாநிலத்தில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. உதிரியாக எண்ணி எடுத்துக்கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. நான் இரண்டாம் வருடத்தில்தான் செட்டுக்கு மாறினேன்.

என் பெட்டிக்குள் ஒரு சின்னத் தாளும் வைக்கிறேன். அதில் இருப்பது இதுதான்: "உடைந்த கண்ணாடியை உருக்கி, வாயால் ஊதிச் செய்தது. ஒன்றுபோல் ஒன்று இருக்காது. காபி, டீ, வெந்நீர் ஊற்ற வேண்டாம். மைக்ரோவேவில் வைக்க வேண்டாம். பிரிட்ஜிலிருந்து எடுத்ததும் வெந்நீரில் கழுவ வேண்டாம். ஒன்றுக்குள் ஒன்று செருகி அடுக்க வேண்டாம்." காபிக்கு ஆகாது என்று வாயாலும் சொல்லித்தான் கொடுக்கிறேன். கேட்டுவிட்டு வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அவர்களுக்குப் பக்கத்து அலமாரியில் பித்தளை டபரா செட் இருக்கிறது.